இந்த வாரம் எந்தப் படத்துக்குப் போகலாம்: வியாழன் இரவே முடிவெடுப்பது எப்படி?

கோவையில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதத்துக்கு இரண்டு படம்தான் குடும்பத்தோடு தியேட்டரில் பார்க்க முடிகிறது. நாலு டிக்கெட், பார்க்கிங், பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் என்று ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வந்தால் நாலைந்து புதுப் படம். ட்ரெய்லரை நம்பிப் போனால் ஏமாற்றம். விமர்சனம் வரட்டும், நாலு பேர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் படத்தையே தூக்கிவிடுகிறார்கள். வருவதற்கு முன்பே ஓரளவு கணிக்க வழி இருக்கிறதா?"

இருக்கிறது. மதுரை-ராமநாதபுரம் ஏரியாவில் ஒரு விநியோக அலுவலகத்தில் பதினேழு வருடம் தியேட்டர் புக்கிங் பார்த்தவன் நான். எந்தப் படத்தை எந்த ஊரில், எந்தத் தியேட்டரில், எத்தனை காட்சி போடுவது என்று பேசி முடிப்பதுதான் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். படம் நன்றாக இருக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அது உங்களுக்கு ஏற்ற படமா, எந்த நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்ற இரண்டையும் வியாழன் இரவே தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. நல்ல படங்களைத் தவறவிடுவது பெரும்பாலும் அதனால்தான்.

முதலில் ட்ரெய்லரை ஒதுக்கி வைத்துவிடுவோம். ட்ரெய்லர் வெட்டுவதற்கென்றே தனி எடிட்டர்கள் இருக்கிறார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் பளிச்சென்று இருக்கும் இரண்டரை நிமிடத்தைப் பொறுக்கி எடுப்பது அவர்கள் தொழில். எந்தப் படத்திலும் அந்த அளவுக்குத் தேறும். நான் அதில் பார்ப்பது ஒன்றே ஒன்று: இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியையாவது பத்து நொடி வெட்டாமல் ஓடவிட்டிருக்கிறார்களா? தங்கள் வசனத்தின் மேலும் நடிகர்கள் மேலும் நம்பிக்கை உள்ளவர்கள்தான் அப்படி விடுவார்கள். முழுக்க முழுக்க வெட்டும் இரைச்சலுமாக இருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

இனி ஒரு வாரத்தை எடுத்து வைத்துப் பார்ப்போம். 2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. 'லப்பர் பந்து', 'நந்தன்', 'கோழிப்பண்ணை செல்லதுரை', 'கடைசி உலகப் போர்' நாலும் அன்றைக்கு ஒன்றாக வந்தன. ஏன் எல்லாரும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள்? காலண்டரைப் பார்த்தால் புரியும். செப்டம்பர் 5-ஆம் தேதி விஜய்யின் 'தி கோட்' வந்து, அப்போதுதான் இரண்டு வாரம் முடிந்திருந்தது. அடுத்த வெள்ளி, செப்டம்பர் 27-ஆம் தேதி, கார்த்தியின் 'மெய்யழகன்', கூடவே தெலுங்கிலிருந்து 'தேவரா'. அக்டோபர் 10-ஆம் தேதி ரஜினியின் 'வேட்டையன்'. அதற்குப் பிறகு தீபாவளி. இத்தனைக்கும் நடுவே ஓரளவு மூச்சு விட இடம் தெரிந்தது அந்த வெள்ளியில். பெரிய படம் வரும் நாளில் சின்னப் படத்துக்கு ஸ்கிரீன் கிடைக்காது. கிடைத்தாலும் காலை பத்தரை மணிக் காட்சிதான். அதனால் ஓர் இடைவெளி தெரிந்தவுடன் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அதில் வந்து விழுந்துவிடுகிறார்கள். வருடத்துக்கு 200-க்கு மேல் தமிழ்ப் படம் வருகிறது, வெள்ளிக்கிழமையோ 52-தான். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, சுதந்திர தினம், ஆயுத பூஜை, தீபாவளி என்று நல்ல நாட்களைப் பெரிய படங்கள் முன்கூட்டியே துண்டு போட்டுவிடும். மிச்சத்தில்தான் மற்றவர்கள் பிழைக்க வேண்டும்.

அந்த வியாழன் இரவு உங்கள் கையில் என்ன தகவல் இருந்திருக்கும்? நாலு பெயர், நாலு போஸ்டர். நான் எப்போதும் போஸ்டரின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். எழுதியவர் யார், வசனம் யார், எடிட்டிங் யார்?

'கோழிப்பண்ணை செல்லதுரை'யை இயக்கியவர் சீனு ராமசாமி. 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' எடுத்தவர். கிராமம், உறவு, ஏழைகளின் தன்மானம் என்பது அவர் நடந்து பழகிய பாதை. அதில் மனம் தோய்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். 'நந்தன்' இரா. சரவணன் எழுதி இயக்கி, சசிகுமார் நடித்தது. ரிசர்வ் ஆன ஊராட்சியில் தலைவர் நாற்காலி யாருக்கு என்ற கதை. குடும்பத்தோடு சிரித்துவிட்டு வரும் படமாக இருக்காது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். பார்க்க வேண்டிய படமாக இருக்கலாம் என்பதும் தெரியும். 'கடைசி உலகப் போர்' ஹிப்ஹாப் ஆதியே நடித்து, இயக்கி, இசையமைத்தது. அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

'லப்பர் பந்து' இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு அதுதான் முதல் படம். தெரியாத பெயர் என்று பலரும் தாண்டிப் போயிருப்பார்கள். ஆனால் 2022-இல் வந்த 'நெஞ்சுக்கு நீதி'யில் வசனம் என்று போட்ட பெயர் அது. இந்திப் படம் ஒன்றின் மறு ஆக்கத்தை நம்ம ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர். முதல் பட இயக்குநரைப் பற்றி விசாரிக்க இதுதான் வழி: அவர் இதுவரை யார் கூட, என்ன வேலை பார்த்தார்? வசனகர்த்தாவாகவோ உதவி இயக்குநராகவோ அவர் தொட்ட படம் உங்களுக்குப் பிடித்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்னொரு தடயம், நாயகன் ஹரிஷ் கல்யாணின் முந்தைய படம். அது 'பார்க்கிங்', 2023 டிசம்பர் 1-ஆம் தேதி வந்தது. அதன் விதியைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளியன்று படம் வருகிறது. ஞாயிறன்று மிக்ஜாம் புயல் மழை பிடிக்கிறது. திங்களன்று சென்னையே வெள்ளத்தில் நிற்கிறது. ஒரு சின்னப் படம் பிழைப்பதும் போவதும் முதல் மூன்று நாளில்தான். அந்த மூன்றில் ஒன்றை, அதுவும் ஞாயிற்றுக்கிழமையை, மழை கொண்டுபோய்விட்டது. அப்படியும் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே படம் எழுந்தது. பிறகு 71-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும் வந்தது. கதையைப் பார்த்துக் கால்ஷீட் கொடுக்கும் நடிகர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் முந்தைய இரண்டு படங்களைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். நட்சத்திரத்தின் பெயரை விட அந்தத் தொடர்ச்சிதான் எனக்குப் பெரிய நம்பிக்கை.

'லப்பர் பந்து' முதல் நாள் அடக்கமாகத்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை கூடியது, ஞாயிறு நிறைந்தது. இரண்டாவது வாரம் 'மெய்யழகன்' வந்தும் நின்றது, நாலாவது வாரம் 'வேட்டையன்' வந்தும் அங்கங்கே நின்றது. ஓ.டி.டி.க்குப் போனது அக்டோபர் 31, தீபாவளியன்று. ஏறக்குறைய ஆறு வாரம்.

அடுத்து சென்சார் சான்றிதழ். படம் தொடங்கும் முன் திரையில் பத்து நொடி வரும், நாம் செல்போனை அணைக்கும் நேரம். அதில் இருக்கும் இரண்டு தகவல் டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்தில் முன்கூட்டியே போட்டிருப்பார்கள். ஒன்று வயது. பழைய யு/ஏ இப்போது மூன்றாகப் பிரிந்துவிட்டது: யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+. இது பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை. முடிவு உங்கள் கையில். 'ஏ' என்றால் கதை வேறு, 18 வயதுக்குக் கீழே பெற்றோர் கூட வந்தாலும் அனுமதி கிடையாது. கைக்குழந்தையோடு வந்து, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, அந்தப் பிள்ளையைச் சமாதானம் செய்துகொண்டே படியிறங்கிய எத்தனையோ தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இருந்தால், எந்த நடிகர் நடித்தது என்று பார்க்கும் முன்பே அந்த 16+ இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று நேரம். இரண்டு மணி பத்து நிமிடம் என்றால் ராத்திரிக் காட்சிக்கும் தைரியமாகப் போகலாம். மூன்று மணி நேரத்தை ஒட்டினால் மதியக் காட்சிதான் நல்லது. 'மெய்யழகன்' வந்தபோது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. முதல் வார இறுதிக்குப் பிறகு 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். முழுப் படம் பார்த்தவர்களும் வெட்டிய படம் பார்த்தவர்களும் இன்றைக்கும் எது சரி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த முழு நீளமே பிடித்திருந்தது. அவசரமில்லாத மனிதர்களைப் பற்றிய படத்துக்கு அவசரம் கூடாது. நீளமான படத்தை எடுத்தபடியே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதல் இரண்டு நாளில் போய்விடுங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது. வியாழன் இரவு டிக்கெட் பதிவுப் பக்கத்தைத் திறந்து, படத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல் காட்சி நேரங்களைப் படியுங்கள். ஒரு தியேட்டர்காரர் அந்தப் படத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அங்கே எழுதியிருக்கிறது. மாலை ஆறரை மணிக் காட்சி பெரிய ஸ்கிரீனில் கொடுத்திருந்தால் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை இருக்கிறது. ஒரு வாரமாவது நிற்கும். காலை பத்தரையும் இரவு பத்தரையும் மட்டும் கொடுத்து, மாலையை வேறு படத்துக்கு வைத்திருந்தால், அந்தப் படத்துக்கு ஆயுள் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் மட்டம் என்பது அதற்கு அர்த்தம் ஆகாது. அதற்காகப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு மாலைக் காட்சி இடைவேளை முடிந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கும். மறுநாள் காட்சிகளை அப்போதுதான் மாற்றுவார்கள். ஒருமுறை தேனிப் பக்கம் ஒரு தியேட்டரிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

"அண்ணே, மேட்னிக்கு பதினோரு பேருண்ணே. ஏசி போட்ட கரண்டுக்கே காணாது. நாளைலருந்து அந்த ஷோவ மத்த படத்துக்குக் குடுத்துரவா?"

"பதினோரு பேரும் கடைசி வரைக்கும் இருந்தாங்களா தம்பி?"

"இருந்தாங்கண்ணே. ஒரு ஆள் வெளிய வந்து, படம் பிரமாதம்னு கையப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. நான் என்ன பண்ண?"

புதன் வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். திங்களன்று ஒரே ஒரு காட்சி வைத்தார். ஏழு பேர். செவ்வாயன்று எடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு காட்சிக்கு மின்சாரம், ஆள் கூலி, துப்புரவு என்று செலவு நிற்கும். பக்கத்து ஸ்கிரீனில் அதே நேரத்துக்கு டிக்கெட் இல்லாமல் ஆள் திரும்பிப் போனால் அவர்தான் என்ன செய்வார்? அடுத்த சனிக்கிழமை எங்கள் அலுவலகத்துக்குக் கீழே டீக்கடையில் நின்றபோது ஒருவர் என்னிடம், "அந்தப் படம் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே சார், எங்க ஓடுது?" என்று கேட்டார். எங்கேயும் ஓடவில்லை. அவரைப் போல நூறு பேர் எட்டு நாள் முன்னால் வந்திருந்தால் அந்தப் படம் மூன்று வாரம் நின்றிருக்கும்.

கணக்கு இதுதான். முதல் வாரத்தில் டிக்கெட் பணத்தில் விநியோகஸ்தர் பங்கு அதிகம். வாரம் போகப் போகத் தியேட்டரின் பங்கு கூடும். ஆகவே நாலு வாரம் நிற்கும் படத்தைத் தியேட்டர்காரர் உள்ளூர விரும்பத்தான் செய்கிறார். ஆனால் நாலாவது வாரத்துக்குப் போக முதல் திங்கட்கிழமையைத் தாண்ட வேண்டுமே. பெரிய நட்சத்திரப் படத்துக்கு முன்பதிவே அந்தத் திங்களைத் தாண்ட வைத்துவிடும். சின்னப் படத்துக்கு இருப்பது வெள்ளி, சனி, ஞாயிறு. அதனால்தான் சொல்கிறேன்: பெரிய படத்தை இரண்டாவது வாரம் பார்த்தாலும் குறைந்துவிடாது, கூட்டம் குறைந்து நிம்மதியாகவே பார்க்கலாம். சின்னப் படத்தை முதல் மூன்று நாளில் பாருங்கள். ஊரில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விமர்சனத்துக்குக் காத்திருக்கலாமா? எப்போது வந்த விமர்சனம் என்பதைப் பொறுத்தது. இப்போதெல்லாம் சில படங்களுக்கு வெளியாகும் நாளுக்கு முன்பே பத்திரிகையாளர் காட்சி போடுகிறார்கள், அல்லது முந்தின நாள் மாலை கட்டணக் காட்சி வைக்கிறார்கள். நட்சத்திர பலம் இல்லாத படத்தை இப்படி முன்கூட்டியே காட்டினால், எடுத்தவர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். 2025 ஜூலை 4-ஆம் தேதி வாரம் நினைவிருக்கிறதா? 'பறந்து போ', '3 பிஎச்கே', 'பீனிக்ஸ்' மூன்றும் வந்தன, ஹாலிவுட்டிலிருந்து புது 'ஜுராசிக் வேர்ல்ட்' படமும் வந்தது. ராம் இயக்கிய 'பறந்து போ' அந்த ஆண்டு தொடக்கத்திலேயே நெதர்லாந்தில் நடக்கும் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது; பார்த்தவர்கள் எழுதியதை ஐந்து மாதம் முன்பே படித்திருக்கலாம். '3 பிஎச்கே' அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையிலிருந்து வந்தது. கதையைப் படித்தவர்களுக்குப் படத்தின் மனநிலை முன்பே தெரியும். விழாவுக்குப் போனதா, கதையிலிருந்து எடுத்ததா என்று இரண்டு நிமிடம் தேடிப் பாருங்கள். ட்ரெய்லரை நாலு முறை பார்ப்பதை விட அது பயன்படும்.

வெள்ளிக்கிழமை காலை தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி எடுக்கும் கருத்துகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே வருபவர்களில் பாதிப் பேர் ரசிகர்கள், அவர்கள் சந்தோஷத்தில் இருக்கிறார்கள். மீதிப் பேரில் யார் எதற்காகப் பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. 2024 இறுதியில் தயாரிப்பாளர்கள், படம் வந்து மூன்று நாளைக்கு இணையத்தில் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. அவர்கள் வேதனை எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அந்த மூன்று நாள் எவ்வளவு விலை மதிப்புள்ளது என்று பார்த்தவன். ஆனாலும் பார்வையாளன் வாயைக் கட்டுவது சரியல்ல. 'லப்பர் பந்து'வைத் தூக்கி நிறுத்தியதும் அதே வாய்தானே. உங்களோடு ரசனை ஒத்துப்போகும் இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒருவர், குடும்பத்தில் ஒருவர் போதும். வெள்ளி இரவு அவர்களுக்கு ஒரு போன்.

முதல் நாள் முதல் காட்சிக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பிலிம் பெட்டி வருவதில்லை. படம் பூட்டிய கோப்பாக முன்பே தியேட்டருக்கு வந்துவிடும். அதைத் திறக்கும் சாவி, கே.டி.எம். என்போம், தனியே மின்னஞ்சலில் வரும். எந்த நாள், எந்த நேரத்திலிருந்து, எந்த இயந்திரத்தில் ஓடலாம் என்பது அதில் இருக்கும். தயாரிப்பாளருக்குப் பண பாக்கியோ கோர்ட் வழக்கோ இருந்தால் சாவி வராது. ஒன்பது மணிக் காட்சிக்கு உள்ளே ஆள் நிறைந்து உட்கார்ந்திருக்க, ஆபரேட்டர் ரூமில் நாங்கள் மெயிலைப் பார்த்துக்கொண்டே நின்ற காலைகள் உண்டு. 2025 மார்ச் 27-ஆம் தேதி விக்ரமின் 'வீர தீர சூரன்' டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவால் காலைக் காட்சிகள் ரத்தாகி, மாலையில்தான் வந்தது. புதன், வியாழன் வரை முன்பதிவு திறக்காமலே இருக்கும் படத்துக்கு அறிவித்த தேதியை நம்பிப் பஸ் டிக்கெட் எடுக்காதீர்கள். மாலைக் காட்சி பாதுகாப்பானது.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2017 அக்டோபரில் வந்த உத்தரவின்படி மல்டிபிளெக்ஸில் அடிப்படைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 150 ரூபாய், அதன்மேல் வரி. ஆன்லைனில் எடுத்தால் பதிவுக் கட்டணம் தனி. நாலு பேருக்கு அந்தப் பதிவுக் கட்டணமே கணிசமாக வந்துவிடும். சின்னப் படத்துக்கு கவுண்ட்டரில் போய் எடுங்கள், இடம் இருக்கும்.

ஓ.டி.டி.யைப் பொறுத்தவரை, தமிழில் பெரிய படங்களே பெரும்பாலும் நாலு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. 2025 ஆகஸ்ட் 14-ஆம் தேதி வந்த 'கூலி' செப்டம்பர் 11-ஆம் தேதி வீட்டுத் திரைக்கு வந்தது. அதனால் என்ன படத்தை எங்கே பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளலாம். நாலு பேரோடு சேர்ந்து சிரிக்க, கைதட்ட வேண்டிய படம் தியேட்டருக்கு. சத்தமும் திரையும் பெரிதாக வேண்டிய படமும் தியேட்டருக்கு. நடுவில் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாலும் குறையாத படத்தை வீட்டுக்கு விடுங்கள்.

உங்கள் கணக்கு மாதம் இரண்டு படம். ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்கும் பெரிய படத்தை இரண்டாவது வாரம், மதியக் காட்சியில் பாருங்கள். இன்னொன்றை எந்தப் படத்துக்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள். வியாழன் இரவு பொடி எழுத்தையும் வயதையும் நேரத்தையும் பார்த்து ஒரு சின்னப் படத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு அந்த இரண்டு பேருக்குப் போன் போடுங்கள். நன்றாக இருக்கிறது என்றால் சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு நாலு பேருமாகப் போய் உட்காருங்கள். ஞாயிறு போகலாம் என்று தள்ளிவிடாதீர்கள். ஞாயிறு மாலை இடைவேளை முடிந்தால் மேனேஜர் போனை எடுத்துவிடுவார்.